பூட்டன் புஞ்சை: கிராமத்து முன்னோர் ஒருவரைப் பத்திரங்களில் தேடிய கதை

சொந்த ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்ட எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். ஊரில் நூறு ஏக்கர் இருந்தது, வாசலில் வில்வண்டி நின்றது. அப்புறம் பங்காளி ஏமாற்றிவிட்டான், அல்லது கோர்ட்டு கேஸில் எல்லாம் போச்சு, அதுவும் இல்லையென்றால் தாது வருஷப் பஞ்சம். மாட்டுங்காவில் கேட்டாலும் சரி, தாராவியில் கேட்டாலும் சரி, நூறு ஏக்கருக்குக் குறைந்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை பேருக்கும் நூறு நூறு ஏக்கர் இருந்திருந்தால் பழைய திருநெல்வேலி ஜில்லா கடலைத் தாண்டி இலங்கை வரைக்கும் நீண்டிருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்துக் கதையும் இந்த வகைதான். சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். பூட்டன், அதாவது என் தாத்தாவின் தகப்பனார், அண்ணன் தம்பி இரண்டு பேரில் இளையவர். அவர் சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் வீட்டார் கிணற்றுப் புஞ்சையை விதவையான பூட்டியிடமிருந்து பறித்துக்கொண்டார்கள், அதனால்தான் தாத்தா வெறுங்கையோடு பம்பாய்க்கு ரயில் ஏறினார் என்பது கதை. இதை நம்பி மூன்று தலைமுறையாக ‘பெரிய வீட்டு’க்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடையாது. இழவுக்குக்கூட ஆள் போவது கிடையாது. ஆகவே இந்தத் தேடல் வெறும் ஆசைக்காகச் செய்தது அல்ல. ஒரு குடும்பத்தின் மேல் எண்பது வருஷமாகச் சுமத்தி வைத்திருக்கும் பழி நிஜமா இல்லையா என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது.

நம் வடநாட்டு நண்பர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். ஹரித்வாரில் பண்டாக்கள் வீட்டுக்கு வீடு வம்சாவளி ஏடு வைத்திருக்கிறார்கள்; ஊரையும் குலத்தையும் சொன்னால் ஏழு தலைமுறையை வாசித்துவிடுவார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வசதி இல்லை. சரி, ஜனத்தொகைக் கணக்கில் பார்க்கலாமே என்று தோன்றும். சென்னை ராஜதானியில் 1871-லேயே முறையான ஜனத்தொகைக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் போல வீட்டு வாரியான தாள்களை இங்கே காப்பாற்றி வைக்கவில்லை. கூட்டுத் தொகையை எடுத்துக்கொண்டு தாள்களைக் கழித்துவிட்டார்கள். அதில் நம் முன்னோர் ஓர் எண்ணிக்கையாக இருப்பார், பெயராக இருக்க மாட்டார்.

பெயராக அவர் எங்கே இருப்பார் என்றால், சர்க்காருக்குப் பணம் கட்டிய இடத்திலும், சாகுபடி நிலம் கைமாறிய இடத்திலும்தான். ரயத்துவாரி முறையின் குணம் அது. சர்க்கார் நேரே குடியானவனோடு கணக்கு வைத்துக்கொண்டது. அதனால் அரை ஏக்கர் புஞ்சை வைத்திருந்தவனுக்கும் ஒரு பட்டா நம்பர் உண்டு. இதிலேயே முதல் கேள்வியும் வந்துவிடுகிறது. உங்கள் ஊர் ரயத்துவாரி கிராமமா, ஜமீன் கிராமமா, இனாம் கிராமமா? ஜமீன் ஊராக இருந்தால் குடிகளின் பெயர் ஜமீன் கச்சேரிக் கணக்கில்தான் இருந்திருக்கும். 1908-ஆம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டத்துக்குப் பிறகு தயாரான உரிமைப் பதிவேடுகளும், 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்ட் கணக்குகளுமே அங்கே கதி. இனாம் ஊரென்றால் ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதிய பதிவேடுகளில் யார் கொடுத்தது, யார் அனுபவிக்கிறார், அவர் வயது என்ன என்று விவரம் வரும். எங்கள் ஊர் ரயத்துவாரி.

அடுத்தது, எந்த ஜில்லா என்பது. சிரிக்காதீர்கள், பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். சாத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து அதற்குப் போனது. 1985-இல் அதுவும் பிரிந்து, இன்றைய விருதுநகர் மாவட்டம் காமராஜர் பெயரில் அமைந்தது. ஊர் நகரவில்லை, ஆனால் பழைய காகிதங்கள் மூன்று தலைநகரங்களின் பெயரில் கிடக்கின்றன. ஸ்டூவர்ட் எழுதிய 1879-ஆம் வருஷத்துத் திருநெல்வேலி மானுவலைத்தான் சாத்தூர்க்காரர்கள் பார்க்க வேண்டும். 1917-இல் பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர் வருவதற்குள் சாத்தூர் வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டது. சங்கரன்கோவில்காரர்களுக்கு 2019-இல் தென்காசி மாவட்டம் பிறந்த பிறகு இதே தலைவலிதான்.

எங்கள் வீட்டில் இருந்தது பூட்டனின் ஜாதக ஓலை ஒன்று மட்டும். அதில் வருஷம் ‘விபவ’ என்று இருந்தது. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை விபவ வரும். 1868-ஆ 1928-ஆ என்று ஓலை சொல்லாது. நல்ல வேளையாகத் தென்பாண்டிச் சீமையில் கொல்லம் ஆண்டும் எழுதுகிற பழக்கம் இருந்தது. கொல்லம் ஆண்டோடு, ஆவணிக்குப் பிந்திய மாதமானால் மார்கழி பாதி வரை 824-ம், அதற்கு மேல் 825-ம் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும். அதன்படி அவர் பிறந்தது 1868. வருவாய்த் துறைக் கணக்குகளில் வருவது இன்னொரு வருஷம், பசலி. ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முடிய. ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது பசலி 1286, அதாவது 1876-77. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கு இன்றைக்கும் பசலியில்தான் ஓடுகிறது. ஜமாபந்தி நடப்பதும் அந்தக் கணக்கை முடிக்கத்தான்.

தாது வருஷம் என்று சொன்னதால் ஒரு வார்த்தை. அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் செத்தவர்கள் பல லட்சம். நிவாரண வேலையில் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்ட காலம் அது. ஆனால் பெல்லாரி, கர்நூல், சேலம் ஜில்லாக்களில் விழுந்த அடி அளவுக்குத் திருநெல்வேலியில் விழவில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு நஷ்டத்தையும் தாது வருஷக் கணக்கில் எழுதிவிடுவது நம் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. பூட்டனுக்கு அப்போது எட்டு வயது. அவர் குடும்பம் அந்தப் பஞ்சத்தில் நிலம் இழக்கவில்லை என்பதற்குச் சாட்சி, பின்னால் வந்த செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்.

அந்த ரிஜிஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று இணையத்தில் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு பார்க்கலாம், யாரும் பார்த்திருப்பீர்கள். அதில் முன்னோர் பெயர் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்து, பட்டாக்களையெல்லாம் அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயருக்கு மாற்றினார்கள். ஏக்கர் செண்டு போய் ஹெக்டேர் ஏர்ஸ் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். (ஓர் ஏக்கர் 40.5 ஏர்ஸ். இந்தக் கணக்குத் தெரியாமல் பழைய பத்திரத்தையும் புதிய பட்டாவையும் ஒப்பிட்டால் நிலம் சுருங்கிவிட்டது போலத் தோன்றும்.) அதற்கு முந்திய செட்டில்மெண்ட், ரீசெட்டில்மெண்ட் ரிஜிஸ்டர்களை மாவட்டப் பதிவறையில் கேட்டு வாங்க வேண்டும். அதில் சர்வே நம்பர், அதற்கும் முந்திய பைமாஷ் நம்பர், நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், விஸ்தீரணம், தீர்வை, பட்டாதார் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். முன்பு கர்ணம் வீட்டிலேயே ஒரு பிரதி இருந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் உத்தியோகங்களை ஒழித்து வி.ஏ.ஓ.க்களை நியமித்தபோது கணக்குகள் கைமாறின. சில ஊர்களில் பழைய ஏடு பரணில் தங்கிப் போனதும் உண்டு. நான் விசாரித்த வரையில், ஓய்வு பெற்ற ஒரு கிராம அதிகாரியின் ஞாபகம் பத்து மனுக்களுக்குச் சமம்.

எங்கள் நூறு ஏக்கர் அந்த ரிஜிஸ்டரில் பதினோரு ஏக்கர் சொச்சமாக இருந்தது. நாலு சர்வே நம்பர், அத்தனையும் புஞ்சை. அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. வில்வண்டிக்கு ரிஜிஸ்டரில் கலம் இல்லையாதலால் அது பற்றிச் சொல்வதற்கில்லை.

அந்தப் பதினோரு ஏக்கர் என்ன ஆயிற்று என்பதற்கு வருவாய்த் துறையை விட்டுப் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போக வேண்டும். இந்தியாவில் பொதுவான பதிவுச் சட்டம் 1865 முதல் நடப்புக்கு வந்தது. இப்போது இருப்பது 1908-ஆம் வருஷத்துச் சட்டம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தை விற்றால் பதிந்தே ஆக வேண்டும். பதிந்த பத்திரம் முழுவதையும் ஒன்றாம் நம்பர் புத்தகத்தில் நகல் எழுதி வைப்பார்கள். அதற்குப் பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை. ஒன்றாம் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் வாங்கவும் யாருக்கும் உரிமை உண்டு. நீங்கள் வாரிசு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது. உயில் புத்தகம் வேறு விதம். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் கிடைக்கும். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் பிற்காலப் பதிவுகளுக்குத்தான் உதவும். நூறு வருஷத்துக்கு முந்தியதற்கு ஆபீசில் மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணையில் தேடச் சொல்ல வேண்டும். சர்வே நம்பர் கையில் இருந்தால் வேலை சுலபம். அதனால்தான் முதலில் ரிஜிஸ்டர், பிறகு பத்திரம் என்று வரிசை வைத்துக்கொண்டேன்.

பழைய பத்திரத் தமிழை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். ‘மேற்படி’ என்பதற்கு ௸ என்று ஒரு குறி; ரூபாய்க்கு ஒரு குறி; வருஷத்துக்கு, மாதத்துக்குத் தனித்தனிக் குறி. பங்கு பிரிக்கும்போது மாகாணி, முந்திரி என்று பின்னம் வரும். மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. எல்லை சொல்லும் இடத்துக்கு ‘சக்குபந்தி’ என்று பெயர். எங்கள் பக்கம் ‘எல்கை’ என்றும் எழுதுவார்கள். இதெல்லாம் இரண்டு பத்திரம் வாசித்தால் பிடிபட்டுவிடும். ஆனால் பத்திரத்தில் எழுதியிருப்பதெல்லாம் சத்தியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து விலையைக் குறைத்துப் போடுவார்கள். பழைய கடனை வரவு வைத்துவிட்டு ‘ரொக்கம் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதுவார்கள். வயது எப்போதும் ‘சுமார்’தான். எதற்காகக் கடன் வாங்குகிறார் என்று எழுதுகிற வரியை மட்டும் நான் அதிகம் நம்புகிறேன். அந்த வரியில் பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை.

முதலில் கிடைத்தது ஓர் ஒத்திப் பத்திரம். 1914-ஆம் வருஷக் கடைசி. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கிணற்றுப் புஞ்சையை வெளியூர்க்காரர் ஒருவருக்கு ஒத்தி வைத்திருக்கிறார்கள். ஒத்தி என்றால் நிலத்தின் சுவாதீனம் கடன் கொடுத்தவரிடம் போய்விடும். வட்டிக்குப் பதிலாக விளைச்சலை அவர் அனுபவிப்பார். காரணமாக எழுதியிருப்பது பருத்தி வியாபாரத்தில் ஏற்பட்ட கடனும் குடும்பச் செலவும். அந்த வருஷம் ஆகஸ்டில் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியதும் கப்பல் போக்குவரத்துத் தடுமாறி இந்தியப் பருத்தி விலை சடசடவென்று சரிந்தது. சாத்தூர் பருத்திச் சீமை. எங்கோ பெல்ஜியத்தில் வெடித்த பீரங்கி கரிசல் காட்டில் இரண்டு சம்சாரிகளின் கிணற்றைக் கொண்டுபோய்விட்டது. ஆக, கிணற்றுப் புஞ்சை முதலில் குடும்பத்தை விட்டுப் போனபோது அண்ணனும் தம்பியும் ஒரே தாளில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பதிவு ஆபீசில் பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் இல்லை. இதற்கு மேல் போக வேண்டுமானால் பெரிய வீட்டைத்தான் கேட்க வேண்டும். வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை; ஆனாலும் ஒரு கடிதம் போட்டேன். பெரிய வீட்டில் இப்போது மூத்தவர் எனக்குப் பெரியப்பா முறை. சிவகாசியில் மகன் வீட்டில் இருக்கிறார். கடிதத்துக்குப் பதில் வரவில்லை, போன்தான் வந்தது. “தம்பி, ஒங்க வீட்டுலேருந்து ஒரு கடுதாசி வரும்னு எங்கய்யா சாகுற வரைக்கும் எதிர்பார்த்தாரு. பொட்டியிலே காகிதம் கெடக்கு, செல்லு அரிச்சது போக மிச்சம். வந்து பாரு” என்றார்.

அந்தத் தகரப் பெட்டியில் இருந்தது கூறுச் சீட்டு. பதிவு செய்யாமல், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இன்ன நிலம் இன்னாருக்கு என்று எழுதிக்கொள்ளும் தாள். நம் கிராமங்களில் பெரும்பாலான பாகப்பிரிவினை இப்படித்தான் நடந்தது. ஆகவே சர்க்கார் ஆபீசில் தேடி இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சீட்டின்படி, ஒத்திப் பட்ட கிணற்றுப் புஞ்சை தம்பி கூறில் விழுந்திருக்கிறது. ஒத்திக் கடனைத் தீர்க்கும் பாரமும் அவருக்கு. அதற்கு ஈடாக வீட்டை ஒட்டிய புஞ்சையில் அவருக்கு அதிகப்படியாக ஒன்றரை ஏக்கர் கொடுத்திருக்கிறார்கள். நியாயமான பங்கா என்றால், இருபக்கமும் வாதாடலாம். கிணறு இல்லாத ஒன்றரை ஏக்கர் கடனுக்கு ஈடாகுமா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஏமாற்று என்று சொல்வதற்கு அதில் இடமில்லை. பூட்டன் கையெழுத்து அதில் தெளிவாக இருக்கிறது. அவருக்கு எழுதத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் எப்போது இறந்தார்? சென்னை ராஜதானியில் 1899-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு கிராமங்களில் ஜனன மரணக் கணக்கு எழுதப்பட்டது. ஜனனக் கணக்கில் பெரும்பாலும் குழந்தையின் பெயர் இருக்காது. தகப்பன் பெயரும் ஆண் அல்லது பெண் என்பதும் இருக்கும். மரணக் கணக்கில் பெயரும் வயதும் காரணமும் உண்டு. பூட்டன் இறந்தது 1918 அக்டோபர், காரணம் ‘காய்ச்சல்’. காலரா, அம்மை, பிளேக் என்று தெளிவாகத் தெரியாத எதையும் கிராம முன்சீப் காய்ச்சல் என்றுதான் எழுதுவார். ஆனால் அந்த மாதத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. ஒரு கோடிக்கும் அதிகமான இந்தியர்களைக் கொண்டுபோன இன்ஃபுளுயன்சா உச்சத்தில் இருந்தது அப்போதுதான். ஐம்பது வயது மனிதர். மூத்த மகன், அதாவது என் தாத்தா, அப்போது பதின்மூன்று வயதுப் பையன்.

இனி பூட்டி. அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெம்பக்கோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் ஊரில் எல்லாருக்கும் அவர் ‘வெம்பக்கோட்டையாள்’. பட்டாவில் அவர் இல்லை. கூறுச் சீட்டிலும் இல்லை. மகன் இருக்கும்போது விதவைக்குப் பங்கு கிடையாது, ஜீவனாம்சம் மட்டும்தான். இந்து விதவைக்குச் சொத்தில் ஓரளவு உரிமை சட்டப்படி வந்ததே 1937-இல். விவசாய நிலத்துக்கு அதுவும் உடனே வரவில்லை. பெயரைச் சொல்லாத பழக்கம் நாடு பூராவும் இருந்ததுதான். முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்று மட்டும் சொல்லிச் சொந்தப் பெயர் கொடுக்க மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர்.

பூட்டியின் பெயர் கிடைத்தது 1920-களின் தொடக்கத்தில் பதிந்த ஒரு ரசீதில். ஒத்தி வாங்கியவர், காலஞ்சென்ற இன்னாருடைய பெண்சாதியும் மைனர் குமாரர்களுக்குத் தாயும் கார்டியனுமான இன்ன அம்மாளிடமிருந்து ஒத்திப் பணம் முழுவதும் வரப்பெற்று நிலத்தைத் திருப்பி விட்டதாக எழுதிக் கொடுத்தது. அதாவது, கிணற்றுப் புஞ்சையைப் பறிகொடுத்தவள் என்று நாங்கள் சொல்லிவந்த அந்த அம்மாள்தான் அதை மீட்டவர். பணம் எங்கிருந்து வந்தது என்று ரசீது சொல்லவில்லை. பெரியப்பா சொன்னார்: “பாம்படத்த வித்துல்லா மீட்டுச்சு. எங்க ஆச்சி அடிக்கடி சொல்லும்.” எங்களிடம் இருக்கும் ஒரே போட்டோவில் பூட்டியின் காது தோள் வரை தொங்குகிறது, வெறுமையாக. விதவை என்பதால் கழற்றியிருப்பார் என்று நினைத்திருந்தோம். அதுவாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். பதிவு ஆபீஸ் சொல்லாததைப் பெரிய வீட்டு ஆச்சிதான் எண்பது வருஷம் வைத்திருந்து சொல்லியிருக்கிறார். அதுவும் நாங்கள் திட்டிக்கொண்டிருந்த வீட்டில்.

பெயரை இங்கே அச்சில் போட வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பேத்திகளுக்குச் சொல்லியாகிவிட்டது.

மீட்ட நிலம் அப்புறம் எப்படிப் போயிற்று? அதற்கும் பத்திரம் இருந்தது. 1931-இல் என் தாத்தா எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயம். 1929-க்குப் பிறகு உலகம் முழுக்க மந்தம். பருத்தியும் தானியமும் பாதி விலைக்கு இறங்கியிருந்தன. தீர்வை மட்டும் இறங்கவில்லை. கைமாற்றுக் கடன் தீர்க்கவும், பம்பாய் சென்று ஜீவனம் செய்ய வழிச்செலவுக்கும் என்று காரணம் எழுதியிருக்கிறார். வாங்கியவர் மூன்றாம் ஊர்க்காரர். சம்மதத்துக்குப் பூட்டியின் இடது கைப் பெருவிரல் ரேகை. சாட்சிக் கையெழுத்து இரண்டு. முதலாவது பெரிய வீட்டு மூத்த மகனுடையது, அதாவது “கடுதாசி வரும்” என்று காத்திருந்தவருடைய அப்பா.

தாத்தா ஏன் பம்பாயில் வேறு கதை சொன்னார் என்பதற்குப் பத்திரம் கிடையாது. தாய் காதைக் காலியாக்கி மீட்ட நிலத்தை ரயில் சார்ஜுக்கு விற்றேன் என்று பிள்ளைகளிடம் சொல்வது சுலபமில்லை. ஊரில் ஒரு வில்லன் இருந்தால் நிம்மதி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த விலையில், அந்த வருஷத்தில், விற்காமல் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். இந்தக் காகிதங்களைக் காட்டிய பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேர் சிவகாசிக்குப் போய்ப் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருவர், காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லி இன்னும் வரவில்லை.

நிலம் இருந்த குடும்பத்துக் கதை இது. நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சர்க்கார் கணக்கு தீர்வை கட்டியவனைத்தான் பார்த்தது. அவன் காட்டில் வேலை செய்தவனைப் பார்க்கவில்லை. ஒரு விலக்கு உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள், டி.சி. நிலம் என்ற குறிப்போடு பழைய பதிவேடுகளில் வரும். அதில் ஒப்படை பெற்றவர் பெயர் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமானால், திருநெல்வேலிச் சீமையில் மிஷன் சபைகளின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் பெண்களின் பெயரைக்கூட விடாமல் எழுதியிருக்கின்றன.

விசித்திரம் என்னவென்றால், கடல் தாண்டிக் கூலிக்குப் போனவர்களுக்கு ஊரில் இருந்தவர்களைவிட நல்ல பதிவு இருக்கிறது. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதிய கப்பல் பட்டியல்கள் உள்ளன. மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ள குடியேற்றப் பதிவுகளில் பலருக்குப் போட்டோவே உண்டு. ‘காணாமல் போன சித்தப்பா’ என்று உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

வீட்டிலேயே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மொய் நோட்டு ஒன்று போதும், எந்தெந்த ஊரில் சம்பந்தம் இருந்தது என்று தெரிந்துவிடும். வெம்பக்கோட்டையில் பூட்டியின் பிறந்த வீடு எது என்பதை ஒரு பழைய மொய் நோட்டில் ‘தாய்மாமன்’ என்று எழுதிய வரியை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் மூன்று தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும்; குலசாமி பெயரோ ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும். அதனால் தகப்பன் பெயரைச் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பதிவையும் நம்முடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழும்பூரில் 1909 முதல் இருக்கும் ஆவணக் காப்பகம் ஊரைப் பற்றியும் செட்டில்மெண்ட் பற்றியும் பெரிய சித்திரம் தரும். தனி மனிதரைத் தேட முதலில் தாலுகாவும் பதிவு ஆபீசும்தான்.

கடைசியாக வாங்கிய நகல் எங்கள் குடும்பத்தின் பத்திரமே அல்ல. கிணற்றுப் புஞ்சைக்குக் கிழக்கே உள்ள நிலத்தை 1950-களில் யாரோ யாருக்கோ விற்றது. எல்கை சரிபார்க்கலாமே என்று வாங்கினேன். நாங்கள் விற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, பட்டாவும் மாறியிருந்தது. ஆனால் சக்குபந்தி எழுதிய இடத்தில், விற்கும் நிலம் எதற்குக் கிழக்கு என்று சொல்லும்போது, பத்திரம் எழுதியவர் பட்டாதார் பெயரை எழுதவில்லை. ஊரில் சொல்கிறபடி ‘வெம்பக்கோட்டையாள் புஞ்சை’ என்றே எழுதியிருந்தார்.